ஃபேன் வேண்டுமா, வேண்டாமா? புராசஸரைக் குளிர்விக்கும் இரண்டு வழிகள்: முழுமையான வழிகாட்டி

2020 நவம்பரில் ஆப்பிள் நிறுவனம் எம்1 சிப்பை வைத்து மேக்புக் ஏர், 13 அங்குல மேக்புக் ப்ரோ என்று இரண்டு மடிக்கணினிகளை வெளியிட்டது. ஏரில் ஃபேன் கிடையாது. ப்ரோவில் ஒரு ஃபேன் உண்டு. இணையம் பார்ப்பது, ஆவணம் தட்டச்சு செய்வது, படம் திருத்துவது போன்ற வேலைகளில் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. நீளமான வீடியோவை ரெண்டருக்குப் போட்டால்தான் தெரியும். சில நிமிடங்களில் ஏர் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், ப்ரோ அதே வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும். ஒரே சிப்தான், வெப்பம் வெளியேறும் வழிதான் வேறு.

ஏரில் நடப்பது இயற்கை வெப்பச்சலனம். சூடான காற்று லேசாகித் தானே மேலே போகிறது, அந்த இடத்துக்குக் குளிர்ந்த காற்று வருகிறது. ப்ரோவில் நடப்பது கட்டாய வெப்பச்சலனம். அங்கே ஃபேன் காற்றைத் தள்ளுகிறது. மேசைக் கணினி வாங்கி அசெம்பிள் செய்பவர், வீட்டில் சின்ன சர்வர் ஓட்டுபவர், ராஸ்பெர்ரி பை என்ற கையகலக் கணினிப் பலகையை வைத்து வேலை செய்பவர் என யாராக இருந்தாலும் இந்த இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தே ஆக வேண்டும். பலர் தவறுவது ஒரே இடத்தில்தான்: இருக்கிற கூலரிலிருந்து (புராசஸரின் மேல் பொருத்தும் குளிர்விப்பான்) ஃபேனைக் கழற்றினால் சத்தமில்லாத கணினி கிடைத்துவிடும் என்று நினைக்கிறார்கள். அப்படிக் கிடைக்காது. இரண்டுக்கும் தேவைப்படும் உலோகத்தின் வடிவமே வேறு. காரணத்தைப் பார்த்துவிட்டு வேலையில் இறங்குவோம்.

காற்றைத் தள்ளும் விசை எவ்வளவு?

40 செ.மீ. உயரமுள்ள ஒரு கேபினெட்டை எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளே இருக்கும் காற்று வெளிக்காற்றைவிட 20 டிகிரி சூடாக இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்தச் சூட்டால் காற்றின் அடர்த்தி ஒரு கன மீட்டருக்கு ஏறக்குறைய 0.08 கிலோ குறையும். இதை ஈர்ப்பு முடுக்கத்தாலும் உயரத்தாலும் பெருக்கினால் மேலே தள்ளும் அழுத்தம் கிடைக்கும்: சுமார் 0.3 பாஸ்கல் (பாஸ்கல் என்பது அழுத்தத்தின் அலகு). சாதாரண 120 மி.மீ. ஃபேன் ஒன்று 15 முதல் 25 பாஸ்கல் வரை அழுத்தம் கொடுக்கும். ஐம்பது மடங்குக்கும் மேல்.

செங்கல் சூளைப் புகைபோக்கியை அத்தனை உயரமாகக் கட்டுவதும் இதே கணக்கால்தான். சூடான காற்றின் இழுவிசை உயரத்தைப் பொறுத்தது, உயரம் கூடினால்தான் இழுப்பு கூடும். மேசைக்கடியில் வைக்கும் பெட்டிக்கு அந்த உயரம் கிடையாது. அதனால் அந்த 0.3 பாஸ்கலை ஒரு துளிகூட வீணாக்காமல் பயன்படுத்த வேண்டும். வழியில் ஒரு வலை, ஒரு வளைவு, நெருக்கமான தகடுகள் (கூலரில் வெப்பத்தைக் காற்றுக்குக் கொடுக்கும் மெல்லிய உலோக ஏடுகள்) எது இருந்தாலும் காற்று நின்றுவிடும். ஃபேனுக்கு இந்தக் கவலை இல்லை, நெருக்கமான தகடுகளுக்குள்ளும் காற்றைத் திணித்துவிடும்.

இன்னொரு எண்ணையும் மனதில் வையுங்கள். ஒரு சதுர மீட்டர் பரப்பிலிருந்து, ஒரு டிகிரி வித்தியாசத்துக்கு, எத்தனை வாட் வெப்பத்தைக் காற்று எடுத்துச் செல்லும் என்பதுதான் வெப்பப் பரிமாற்றக் கெழு. தானே நகரும் காற்றுக்கு இது பெரும்பாலும் 5 முதல் 10 வரை. ஃபேன் தள்ளும் காற்றுக்கு 25-இல் தொடங்கி 100-க்கு மேலும் போகும். தண்ணீரை பம்பு வைத்து ஓட்டினால் ஆயிரக்கணக்கில் ஏறும். ஆனால் கடைசியில் அந்தத் தண்ணீரும் ரேடியேட்டரில் ஃபேன் காற்றிடம்தான் வெப்பத்தைக் கொடுக்கிறது. அதனால் பம்பும் ரேடியேட்டரும் சேர்ந்தே வரும் ஏ.ஐ.ஓ. லிக்விட் கூலரும் கட்டாய வெப்பச்சலனம்தான்.

படி 1: உண்மையான வாட் எவ்வளவு என்று பாருங்கள்

பெட்டியில் அச்சிட்டிருக்கும் வாட்டை நம்பிக் கணக்குப் போடாதீர்கள். இன்டெல் கோர் ஐ5-12400 புராசஸரின் அடிப்படை அளவு 65 வாட், வேகம் கூட்டி ஓடும் டர்போவில் 117 வாட் வரை போகும். ஏ.எம்.டி. ரைசன் 5 7600 பெயரளவில் 65 வாட், சாக்கெட் (மதர்போர்டில் புராசஸர் உட்காரும் இடம்) வழியாக 88 வாட் வரை இழுக்கும். கோர் ஐ9-13900கே-வுக்கு 125 என்று போட்டிருந்தாலும் அதன் உச்சம் 253.

எச்.டபிள்யூ.இன்ஃபோ போன்ற மென்பொருளைத் திறந்து வையுங்கள். நீங்கள் வழக்கமாகச் செய்யும் கனமான வேலையைக் கொடுத்து, புராசஸர் பேக்கேஜ் பவர் என்ற வரியை அரை மணி நேரம் பாருங்கள். அதில் நிலைத்து நிற்கும் எண்தான் உங்கள் கணக்குக்கு வேண்டும். ஒரு விநாடி தாவி இறங்கும் உச்சத்தைப் பற்றிக் கவலை வேண்டாம்.

படி 2: அறையின் வெப்பநிலையை அளந்துகொள்ளுங்கள்

கூலர் விமர்சனங்கள் பெரும்பாலும் 20 முதல் 25 டிகிரி அறையில் செய்யப்படுபவை. மே மாதம் ஏ.சி. இல்லாத சென்னை அறையில் 35 டிகிரி சாதாரணம். விமர்சனத்தில் 72 டிகிரி என்று படித்தது உங்கள் மேசையில் 83 டிகிரிக்குப் பக்கத்தில் வரும். அறை வெப்பநிலை எத்தனை டிகிரி ஏறுகிறதோ, புராசஸரும் ஏறக்குறைய அத்தனை டிகிரி ஏறும். இதிலிருந்து எந்தக் கூலரும் தப்ப முடியாது. அதனால் வருடத்தின் மோசமான நாளை வைத்தே கணக்குப் போடுங்கள்.

படி 3: வெப்பத்தடையைக் கணக்கிடுங்கள்

ஒரு வாட்டுக்கு எத்தனை டிகிரி ஏறலாம் என்பதே வெப்பத்தடை. இதுதான் முடிவைச் சொல்லும் எண். அனுமதிக்கும் வெப்பநிலையிலிருந்து புராசஸரைச் சுற்றியுள்ள காற்றின் வெப்பநிலையைக் கழித்து, வாட்டால் வகுக்க வேண்டும்.

புராசஸர் 85 டிகிரிக்குள் இருக்க வேண்டும், அறை 35, கேபினெட்டுக்குள் இன்னும் 5 டிகிரி கூடுதல் என்று வைப்போம். மிச்சம் 45 டிகிரி. 35 வாட் என்றால் வாட்டுக்கு 1.29 டிகிரி. 65 வாட்டுக்கு 0.69. 88 வாட்டுக்கு 0.51. 125 வாட்டுக்கு 0.36. எண் குறையக் குறைய கூலரின் வேலை கடினமாகிறது.

இந்தத் தடை ஒரே இடத்தில் இல்லை. சிப், அதன் மேல் மூடி, தெர்மல் பேஸ்ட் (நடுவிலுள்ள இடுக்கை நிரப்பும் பசை), கூலரின் அடித்தளம், ஹீட் பைப் (வெப்பத்தைத் தகட்டுக்குக் கொண்டுபோகும் குழாய்), தகடு, கடைசியில் காற்று என்று வரிசையாக இருக்கிறது. முதல் பாதி வெப்பக் கடத்தல். அதை நல்ல பேஸ்ட்டும் சரியான அழுத்தமும் பார்த்துக்கொள்ளும். இந்த வழிகாட்டி முழுவதும் அந்தக் கடைசிக் கண்ணியைப் பற்றியது.

படி 4: தேர்வு

65 வாட்டை எடுத்துக்கொண்டு இரண்டு வழியிலும் தேவையான தகட்டுப் பரப்பைப் பார்ப்போம். உள்ளே கடத்தலுக்கு 15 டிகிரி போய்விட்டால், தகட்டுக்கும் காற்றுக்கும் நடுவில் மிஞ்சும் வித்தியாசம் 30. தானே நகரும் காற்றுக்குக் கெழு 5 என்று வைத்தால் 0.43 சதுர மீட்டர் வேண்டும். ஃபேன் காற்றுக்குக் கெழு 40 என்றால் 0.054 சதுர மீட்டர் போதும். எட்டில் ஒரு பங்கு. ஃபேன் இல்லாத கூலர்கள் ஏன் அவ்வளவு பெரியவை என்ற கேள்விக்கு இதுதான் பதில்.

நான் வைத்திருக்கும் எல்லைகள் இவை. 15 வாட் வரை ஃபேன் இல்லாமல் நிம்மதியாக இருக்கலாம். 35 வாட் வரை நல்ல ஹீட் சிங்க்கும் (தகடுகள் கொண்ட உலோகக் கட்டி) திறந்த கேபினெட்டும் இருந்தால் தாராளமாக முடியும். 65 வாட்டுக்கு ஒரு கிலோவுக்கு மேல் எடையுள்ள தனி ஹீட் சிங்க் வேண்டும், கேபினெட்டையும் அதற்கேற்றபடி தேர்ந்தெடுக்க வேண்டும். அதற்கு மேல் ஃபேன் போட்டுவிடுங்கள்.

ஃபேன் இல்லாமல் போக நல்ல காரணங்களும் இருக்கின்றன. ஒலிப்பதிவு அறை ஒன்று. பஞ்சு, மாவு, மரத்தூள் பறக்கும் ஆலை இன்னொன்று. அங்கே ஃபேன் வைத்த பெட்டி சில மாதங்களில் அடைத்துக்கொள்ளும். யாரும் போய்ப் பார்க்க முடியாத இடத்தில் வருடக்கணக்கில் ஓட வேண்டிய கருவியிலும் நகரும் பாகம் இல்லாமல் இருப்பதே நல்லது. இவை எதுவும் இல்லாமல் 'சத்தம் பிடிக்கவில்லை' என்பது மட்டும்தான் காரணம் என்றால் கொஞ்சம் பொறுங்கள், அதற்குப் படி 7-இல் வேறு வழி இருக்கிறது.

படி 5: ஃபேன் இல்லாத அமைப்பை உருவாக்குவது

முதலில் தகட்டு இடைவெளி. சூடான தகட்டை ஒட்டி ஒரு மெல்லிய சூடான காற்றுப் படலம் உருவாகி மேலே ஊர்கிறது. இரண்டு தகடுகள் மிக நெருங்கி இருந்தால் இரண்டின் படலங்களும் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு, நடுவில் காற்றோட்டம் தடைபடும். ரொம்பத் தள்ளி வைத்தாலோ மொத்தப் பரப்பு குறைந்துவிடும். இரண்டுக்கும் நடுவே ஒரு சரியான அளவு உண்டு. 10 செ.மீ. உயரத் தகடு, 40 டிகிரி வித்தியாசம் என்றால் அந்த அளவு ஏறக்குறைய 7 மி.மீ. சாதாரண டவர் கூலரில் (தகடுகளைக் கோபுரம்போல் அடுக்கிய வகை) இடைவெளி 2 மி.மீ. அளவில்தான் இருக்கும். ஃபேனைக் கழற்றிய டவர் கூலர் ஏமாற்றுவது இதனால்தான். பரப்பு நிறைய இருந்தும், அதற்குள் காற்று நுழையாது.

நாக்டுவா நிறுவனம் 2021-இல் வெளியிட்ட என்.எச்.-பி1 கூலரைப் பார்த்தால் இந்த வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். தகடுகள் குறைவு, ஒவ்வொன்றும் 1.5 மி.மீ. கனம், நடுவில் விரல் நுழையப் பார்க்கும் அளவுக்கு இடைவெளி, எடை ஒரு கிலோவுக்கு மேல். தகடு கனமாக இருப்பதற்கும் காரணம் உண்டு: எண்ணிக்கை குறைவாக இருப்பதால் ஒவ்வொரு தகடும் அதிக வெப்பத்தைத் தன் நுனி வரை கொண்டுபோக வேண்டும்.

அடுத்தது திசை. தகடுகள் செங்குத்தாக, கீழிருந்து மேலாகக் காற்றுக்கு வழிவிட்டு நிற்க வேண்டும். ஒரே ஹீட் சிங்க்கைப் படுக்க வைத்துத் தகடுகள் கிடையாக வந்தால் சூடான காற்று உள்ளேயே தங்கும். ராஸ்பெர்ரி பை போர்டை மேசையில் படுக்கப் போடுவதற்குப் பதில் தகட்டு வரிசை செங்குத்தாக வரும்படி நிறுத்திப் பாருங்கள். ஒரு பைசா செலவில்லாமல் சில டிகிரி இறங்கும்.

மூன்றாவது, கருப்பு நிறம். ஃபேன் உள்ள கூலரில் நிறம் வெறும் அழகுக்குத்தான். ஃபேன் இல்லாதபோது கதிர்வீச்சும் கணிசமாகப் பங்கெடுக்கிறது. 60 டிகிரி சூட்டில், 30 டிகிரி அறையில், அனோடைஸ் செய்த (மேலே ஆக்சைடு படலம் ஏற்றிய) கருப்பு அலுமினியப் பரப்பு ஒரு சதுர மீட்டருக்கு, டிகிரிக்குச் சுமார் 6 வாட்டைக் கதிர்வீச்சால் மட்டுமே இழக்கும். காற்று எடுத்துச் செல்வதற்குச் சமமான அளவு இது. பளபளப்பான வெறும் அலுமினியத்தில் இது பத்தில் ஒரு பங்குதான். ஆனால் எதிரெதிர்த் தகடுகள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நிற்பதால் வெளிப்புறம் பார்த்த பரப்பு மட்டுமே இந்தக் கணக்கில் சேரும்.

கேபினெட்டுக்கு அடியிலும் மேலும் பெரிய துளைகள் வேண்டும். அடியில் ரப்பர் கால்கள் வைத்து இரண்டு மூன்று செ.மீ. தூக்குங்கள். மெல்லிய தூசி வலைகளைக் கழற்றிவிடுங்கள், 0.3 பாஸ்கலுக்கு அவை பெரிய தடை. ஆப்பிள் 2000-இல் கொண்டுவந்த பவர் மேக் ஜி4 க்யூப் இந்த முறையில்தான் ஓடியது: அடியில் காற்று நுழைந்து, நடுவிலிருந்த ஹீட் சிங்க் வழியாக ஏறி, மேலுள்ள துளைகளில் வெளியேறும். அப்படிப்பட்ட பெட்டியின் தலையில் ஒரு புத்தகத்தை வைத்தாலே குளிர்விப்பு நின்றுவிடும். மேலே எதையும் வைக்க மாட்டார்கள் என்று உறுதியுள்ள இடத்தில் மட்டும் இந்த வகையை வையுங்கள்.

காற்று உண்மையில் ஓடுகிறதா என்று பார்க்க ஓர் ஊதுபத்தி போதும். வீட்டு ஃபேனை அணைத்துவிட்டு, கணினி அரை மணி நேரம் வேலை செய்து சூடான பிறகு, பற்றவைத்த ஊதுபத்தியைக் கீழ்த் துளைக்குப் பக்கத்தில் பிடியுங்கள். சாம்பல் உள்ளே விழாமல் ஒரு சாண் தள்ளியே வையுங்கள். புகை நேராக மேலே போகாமல் துளையின் பக்கம் வளைந்து உள்ளே நுழைந்தால் இழுப்பு இருக்கிறது. மேல் துளையில் அது வெளிவருவதையும் பார்க்கலாம். புகை துளையைக் கண்டுகொள்ளாமல் போனால் உள்ளே எங்கோ வழி அடைபட்டிருக்கிறது. பெரும்பாலும் கேபிள் கட்டுதான்.

அப்புறம், பலர் மறக்கும் ஒன்று. புராசஸர் பெட்டியோடு வரும் கூலர் காற்றை மேலிருந்து மதர்போர்டை நோக்கி அடிக்கும். அந்தக் காற்றுதான் சாக்கெட்டைச் சுற்றியுள்ள வி.ஆர்.எம். எனும் மின்னழுத்தச் சீராக்கிப் பகுதியையும் ரேமையும் எம்.2 எஸ்.எஸ்.டி. சேமிப்பகத்தையும் சேர்த்துக் குளிர்விக்கிறது. ஃபேனை எடுத்தால் அவையும் காற்றை இழக்கும். புராசஸர் 75 டிகிரியில் சமாளித்துக்கொண்டிருக்கும்போது எஸ்.எஸ்.டி. சூடாகித் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அவற்றுக்கும் தனியாகச் சின்ன ஹீட் சிங்க் ஒட்டுங்கள்.

பயாஸில் (கணினியின் அடிப்படை அமைப்புத் திரை) மின் வரம்பையும் இறக்கிவிடுங்கள். இன்டெலில் நீண்ட நேர வரம்பை 35 அல்லது 45 வாட்டுக்குக் குறைக்கலாம், ஏ.எம்.டி.யில் இதற்கு ஈகோ மோடு என்ற அமைப்பு இருக்கிறது. தானே நகரும் காற்று வெளியேற்றும் வெப்பத்தின் அளவு, வெப்பநிலை வித்தியாசம் கூடக்கூட ஏறக்குறைய 1.25 அடுக்கில் கூடுகிறது. அதனால் வாட்டைக் குறைக்கும் விகிதத்தைவிடச் சற்றுக் குறைவாகவே வெப்பநிலை வித்தியாசம் இறங்கும், ஆனாலும் பலன் தெரியும்.

படி 6: ஃபேன் உள்ள அமைப்பு

இங்கே வேலை எளிது. முதலில் காற்றின் அளவு: 100 வாட்டை வெளியேற்ற, காற்று 10 டிகிரி மட்டும் சூடேறலாம் என்றால், விநாடிக்கு 8 லிட்டர் காற்று வேண்டும். நிமிடத்துக்குச் சுமார் 17 கன அடி. இரண்டு 120 மி.மீ. ஃபேன்கள் மெதுவாகச் சுற்றினாலே இதைக் கொடுக்கும்.

ஃபேன் பெட்டியில் இருக்கும் உச்சக் காற்றளவும் உச்ச அழுத்தமும் ஒரே நேரத்தில் கிடைப்பவை அல்ல. தடையே இல்லாதபோது முதலாவது, முழுவதும் அடைத்தபோது இரண்டாவது. நெருக்கமான தகடு, ரேடியேட்டர், தூசி வலை ஆகியவற்றுக்கு முன்னால் அழுத்தம் அதிகமுள்ள ஃபேன். கேபினெட்டின் பின்புறத்துக்குக் காற்றளவு அதிகமுள்ள ஃபேன்.

சூடு மேலே போகும் என்பதால் மேல் ஃபேன் கண்டிப்பாக வெளியேதான் அடிக்க வேண்டும் என்று பலரும் சொல்வார்கள். 0.3 பாஸ்கலை 15 பாஸ்கலோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஃபேன் சுற்றும் பெட்டிக்குள் சூட்டின் இயல்பான ஏற்றம் கணக்கிலேயே வராது. காற்று நேர்வழியில், முன்னால் நுழைந்து பின்னாலும் மேலும் வெளியேறினால் போதும். அந்த அமைப்பு நன்றாக வேலை செய்வதற்குக் காரணம் காற்று ஒரே திசையில் ஓடுவதுதான். உள்ளே வரும் காற்று வெளியே போவதைவிடக் கொஞ்சம் அதிகமாக இருக்கட்டும். அப்போது இடுக்குகள் வழியாகத் தூசி இழுபடாது.

படி 7: மெதுவாகச் சுற்றவிடுங்கள்

என் அனுபவத்தில் பெரும்பாலான வீட்டுக் கணினிகளுக்குச் சரியான தீர்வு இதுதான். ஃபேன் வேகத்தைப் பாதியாக்கினால் காற்றளவு பாதியாகும், அழுத்தம் நான்கில் ஒன்றாகும், ஃபேன் இழுக்கும் மின்சாரம் எட்டில் ஒன்றாகும். சத்தம் சுமார் 15 டெசிபெல் இறங்கும். வெப்பப் பரிமாற்றமோ பாதியாகாது, மூன்றில் ஒரு பங்குதான் குறையும். கணக்குப் போட்டே பாருங்கள். வாட்டுக்குக் கடத்தல் தடை 0.15 டிகிரி, முழு வேகத்தில் காற்றுத் தடை 0.15 என்றால் மொத்தம் 0.30. பாதி வேகத்தில் காற்றுத் தடை 0.23 ஆகும், மொத்தம் 0.38. 88 வாட் புராசஸருக்கு வித்தியாசம் 7 டிகிரி. ஏழு டிகிரியைக் கொடுத்து அமைதியை வாங்குவது நல்ல வியாபாரம்.

ஆகவே தேவைக்கு மேல் பெரிய கூலரை வாங்கி, அதன் ஃபேனை நிமிடத்துக்கு 500 முதல் 800 சுற்றில் ஓட்டுங்கள். பயாஸில் ஃபேன் கர்வ், அதாவது வெப்பநிலைக்கேற்ப ஃபேன் வேகத்தை வரையறுக்கும் அமைப்பு, இருக்கும். 50 டிகிரி வரை 30 சதவீதம், 70-இல் 60, 85-இல் முழு வேகம் என்று தொடங்கலாம். புராசஸர் ஒரே விநாடியில் 15 டிகிரி தாவும், அடுத்த விநாடி இறங்கும். ஃபேன் அதைத் துரத்தினால் அந்த ஏற்ற இறக்கச் சத்தம்தான் காதைக் குடையும். அதற்குத்தான் 'ஸ்டெப் அப் டைம்' போன்ற பெயரில் ஒரு தாமத அமைப்பு இருக்கிறது, அதை 3 முதல் 5 விநாடிக்கு வையுங்கள். ராஸ்பெர்ரி பை 5 இதை அழகாகச் செய்கிறது: அதன் ஃபேன் 50, 60, 67.5, 75 டிகிரி என்று நான்கு இடங்களில் வேகம் கூட்டும். குறைக்கும்போது அந்த எல்லையிலிருந்து 5 டிகிரி இறங்கிய பிறகுதான் குறைக்கும்.

படி 8: சோதனை

ஃபேன் உள்ள அமைப்பை 15 நிமிடம் சோதித்தால் போதும். ஃபேன் இல்லாததற்கு ஒரு மணி நேரமாவது வேண்டும். ஒரு கிலோ அலுமினியத்தை 65 வாட் சூடாக்கினால் தொடக்கத்தில் நிமிடத்துக்கு 4 டிகிரிதான் ஏறும். அப்புறம் ஏற்றம் மெதுவாகிக்கொண்டே போகும். பத்து நிமிடத்தில் 60 டிகிரி பார்த்துவிட்டு நிறுத்தியவருக்கு, ஐம்பதாவது நிமிடத்தில் வரவிருந்த 88 தெரியாமலே போய்விடும். சினிபெஞ்ச் என்ற சோதனை மென்பொருளைத் தொடர் ஓட்டத்தில் போட்டு, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை வெப்பநிலையையும் கடிகார வேகத்தையும் அறை வெப்பநிலையையும் குறித்துக்கொள்ளுங்கள். வெப்பநிலை நிலையாக நிற்கும்போது வேகம் இறங்கிக்கொண்டே வந்தால், அது குளிர்விப்பின் வெற்றி அல்ல. புராசஸர் தன்னைக் காத்துக்கொள்கிறது.

கேபினெட்டின் பக்கக் கதவைத் திறந்து மறுபடி ஓட்டுங்கள். 5 டிகிரிக்கு மேல் இறங்கினால் கூலரில் குறையில்லை, கேபினெட்டின் காற்றுவழியில்தான் குறை.

படி 9: தூசியும் ஃபேன் பழுதும்

மூன்று மாதத்துக்கு ஒருமுறை ப்ளோயரால் தூசி தட்டுங்கள். அப்போது ஃபேன் இறக்கையை ஒரு விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், காற்றின் வேகத்தில் அளவுக்கு மீறிச் சுற்றினால் பேரிங் கெடும். ஃபேனுக்கும் தகட்டுக்கும் நடுவில் பாய் போலப் படியும் தூசியை ஃபேனைக் கழற்றித்தான் எடுக்க முடியும்.

ஃபேன் ஒருநாள் நின்றுபோனால், 2 மி.மீ. இடைவெளியுள்ள உங்கள் டவர் கூலர் அந்த நொடியிலிருந்து இயற்கை வெப்பச்சலனத்தில் ஓடும், அதுவும் மோசமாக. இன்றைய புராசஸர்கள் எரிந்துபோகாது, 95 அல்லது 100 டிகிரியில் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், அதுவும் போதாவிட்டால் அணைந்துவிடும். கணினி திடீரென்று மந்தமாகிவிட்டால் மென்பொருளைக் குறை சொல்வதற்கு முன் ஃபேன் சுற்றுகிறதா என்று பாருங்கள். பயாஸில் சி.பி.யூ. ஃபேன் எச்சரிக்கையை இயக்கி, அதன் குறைந்தபட்ச சுற்று எண்ணை நீங்கள் வைத்திருக்கும் மெதுவான வேகத்துக்குக் கீழே, 200 அல்லது 300-இல் வையுங்கள். இல்லாவிட்டால் ஃபேன் நன்றாக ஓடும்போதே எச்சரிக்கை வரும். ஆள் இல்லாமல் ஓடும் வீட்டு சர்வர் என்றால் கூலரின் இருபுறமும் ஒவ்வொரு ஃபேன் போடுங்கள். ஒன்று நின்றாலும் மற்றது தகடுகள் வழியே காற்றை இழுத்துக்கொண்டிருக்கும்.